ரத்னம்மா கழற்றி வைத்த வளையல்

மகனே,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதையெல்லாம் புதன்கிழமையே போனில் பேசி முடித்துவிட்டோம். மருமகளுக்கு ஏழாம் மாதம் நல்லபடியாகப் போகிறது. கம்பெனி பஸ் ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதமாகச் சும்மா இருந்த உனக்கு ஸ்கூல் பஸ் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் சாவி கொடுக்கிறார்கள். நானும் "சபாஷ்டா, யார் மகன் நீ!" என்று கத்தியதில் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் நீ ஒரு விஷயம் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "வண்டிக்கு ஆயா கிடையாதாம்பா. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் சமையல்காரம்மாவுக்கு யூனிஃபார்ம் புடவை கட்டி நிக்க வைப்பாங்களாம்." நீயே சமாதானமும் சொன்னாய். "ஆயா இருந்து மட்டும் என்னப்பா ஆச்சு? அன்னைக்கு ரத்னம்மா இருந்தும்தானே அந்தப் பாப்பாவுக்கு அப்படி ஆச்சு."

டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. பாரூர் ஏரிக்கரையில் நின்றால் கிடைக்காத டவர் எங்கே கிடைக்கும்? நீ சொன்னது உன் வார்த்தை இல்லை, மகனே. இருபது வருடத்துக்கு முன்னால் நான் உன் காதில் போட்ட வார்த்தை. அது உள்ளேயே கிடந்து, வளர்ந்து, இப்போது ஸ்டியரிங் பிடிக்க வந்துவிட்டது. இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. வாயைத் திறந்தால் எனக்குக் கதைதான் வரும், அது உனக்கே தெரியும். எட்டாம் வகுப்பில் இரண்டு தரம் உட்கார்ந்தவன் நான், ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பேனா மெதுவாகப் போனால் பொய்க்கு வேகம் கிடைக்காது. உன் அக்கா வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் பெருமை. அதை விட்டுவிட்டு எழுதினால் இது என் கடிதம் என்றே நீ நம்ப மாட்டாய். ஓசூர் ரோட்டில் லாரிகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்ற காலத்தில், ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸில் ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டியவன் உன் அப்பன். பெங்களூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் விமானம் ஓட்ட வேண்டிய ஆள் என்று கன்னடத்தில் சொன்னார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். குலுக்கவில்லை. ஹாரன் அடித்துவிட்டு ஏதோ சொன்னார். கன்னடம்தான், ஆனால் அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. தளி ரோட்டில் ஏழு யானை வழி மறித்ததும், நான் இன்ஜினை அணைத்துவிட்டு அவற்றோடு பேசியதும் உனக்கு மனப்பாடம். ஒரு யானை. அதுவும் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. நாங்கள் பார்த்தது வாலை. அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க பஸ்ஸில் கதை ஓட்டினேன். பிள்ளைகள் என்னை டிரைவர் அங்கிள் என்று கூப்பிடாது, கதை அங்கிள் என்றுதான் கூப்பிடும். அந்தப் பேர் மட்டும் சத்தியமான பெருமை. வேறு எந்த டிரைவருக்கும் அப்படி ஒரு பேர் இருந்ததில்லை.

இப்போது ரத்னம்மா. உனக்கு அப்போது எட்டு வயது, முகம் மறந்திருக்கும். நீல யூனிஃபார்ம் புடவையை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டுத் துணி வைத்திருப்பாள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கெல்லாம் அந்தத் துணிதான். வீட்டில் தெலுங்கு, நம்மிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். எந்தப் பிள்ளை எந்த வாசலில் இறங்கும், யார் வந்து கூப்பிட்டால் அனுப்பலாம், யார் வந்தால் அனுப்பக் கூடாது, எல்லாம் அவள் தலையில் இருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போக அதன் சொந்த மாமனே வந்தார். இவளுக்கு ஆளைத் தெரியாது. "அம்மா போன் பண்ணிச் சொல்லட்டும் சார், அப்பறம் கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அந்த ஆள் கத்தினார். நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, நேரமாகிறது என்று இவளைத்தான் திட்டினேன். போன் வரும்வரை அவள் கையை விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் கையில் வளையல் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூக்கி இறக்கும்போது கண்ணாடி வளையல் உடைந்து ஒரு பிள்ளையின் கன்னத்தில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். அன்று கழற்றியவள் அப்புறம் போடவே இல்லை. புருஷன் கல்லுப்போல இருக்கும்போது வெறும் கையோடு திரிகிறாள் என்று மத்திகிரியில் அவள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் பேசினார்கள். மாமியார்க்காரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "அவங்க பேசினா பேசட்டும்ணா. பிள்ளைங்க கன்னம் முக்கியமா, என் வளையல் முக்கியமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். அதை நான் மறக்காமல் வைத்திருந்தேனா என்று பின்னால் நீ கேட்பாய். மறக்கவில்லை. அதுதான் இதில் மோசமான விஷயம்.

அவளுக்கும் எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளையை இறக்கி, வாசலில் விட்டு, வண்டிக்கு முன்னால் குனிந்து ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, வண்டித் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "ரைட்ணா." நான் கியரைப் போடுவேன். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். டீக்கடையில் அதையும் பெருமையாகச் சொல்வேன். "நான் கண்ணால ஓட்டறதில்லப்பா, காதால ஓட்டறேன்." டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு டிரைவர் வாயில் அதைவிடக் கேவலமான வார்த்தை வரக் கூடாது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது சினிமா வசனம் மாதிரி இருந்தது.

அந்தத் தட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். முதலில் விளையாட்டாக ஒன்று தட்டியது. நான் வேண்டுமென்றே வண்டியை எடுத்தேன். பஸ் முழுக்க ஹோவென்று கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல் பிடித்துப்போயிற்று. அப்புறம் அதையே ஒரு முறையாக வைத்துவிட்டேன். "இன்னைக்கு யாரு ரைட் குடுக்கறது?" என்று காலையிலேயே கேட்பேன், ஐம்பது கை தூக்கும். வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைக்கு ஒரு நாள், பிறந்தநாள் பிள்ளைக்கு ஒரு நாள். ரத்னம்மா மூன்று தடவை சொன்னாள். மூன்றையும் எண்ணி வைத்திருக்கிறேன். கடைசித் தடவை சொல்லும்போது அவள் கெஞ்சவில்லை, அதட்டினாள். "அண்ணா, பசங்க கைய நம்பி வண்டி எடுக்காதீங்க. என் கைய மட்டும் கேளுங்க. நான் ஏறினேனா இல்லையான்னு திரும்பிப் பாருங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, உன் வேலைய எவனாவது பிடுங்கிக்குவான்னு பயமா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அன்றைக்கு முறை உன்னுடையது. அது உனக்கு நினைவிருக்கும். டிரைவர் மகன் என்பதால் தினமும் கேட்பாய், மற்ற பிள்ளைகள் முகம் சுளிக்கும் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று சாயந்திரம் தூறல். இடது பக்கம் இரண்டாவது ஜன்னலில் நீ உட்கார்ந்திருந்தாய். மாட்டுப் பண்ணை மதில் முடிகிற இடத்தில் இரண்டு பிள்ளைகள் இறங்க வேண்டும். எல்.கே.ஜி. பையன் ஒருவனுக்கு எதிர்ப்பக்கம் வீடு, யு.கே.ஜி. பாப்பாவுக்கு இந்தப் பக்கம். ஷிப்ட் விட்ட நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ரத்னம்மா பாப்பாவை ஓரமாக நிறுத்தி, "அசையாம நில்லுடி கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். பாப்பாவின் தோளிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி வண்டிக்கு முன்னால் உருண்டது. அதை எடுக்கப் பாப்பா குனிந்தாள். அந்த உயரத்துக்கு, அந்த இடத்தில், டிரைவர் சீட்டிலிருந்து எதுவும் தெரியாது. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் ஆயா ஏறிவிட்டாளா என்றாவது பார்த்திருக்க வேண்டும்.

நீ இரண்டு தட்டுத் தட்டினாய். நான் வண்டியை எடுத்தேன்.

முதலில் பாட்டில் நொறுங்குகிற சத்தம். அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து ரத்னம்மாவின் குரல். "ஆபண்ணா! பாப்ப உந்தி! ஆபண்ணா!" நிறுத்துண்ணா, பாப்பா இருக்கிறாள் என்று தெலுங்கில். தமிழ் வர அவளுக்கு நேரமில்லை. நிறுத்தினேன். பாப்பா உயிரோடு இருந்தாள். இடது பாதம்தான். பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கே கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பேரை எழுத என் கை வரவில்லை. இப்போது கல்யாண வயதுப் பெண்ணாக எங்கோ இருப்பாள். எங்கே என்று ஒருநாளும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான்.

அன்று சாயந்திரமே ஸ்கூல் ஆபீசில் கேட்டார்கள். கரெஸ்பாண்டன்ட் ஒரு பக்கம், போலீஸ்காரர் ஒரு பக்கம். ரத்னம்மா கதவோரம் நின்றாள். புடவையில் ரத்தம் காய்ந்துபோயிருந்தது.

"யாருய்யா ரைட் குடுத்தது?" என்றார் போலீஸ்காரர்.

"ஆயாதான் சார்."

"நீ பாத்தியா?"

நான் வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டியிருந்தால்கூட அவள் தப்பியிருப்பாளோ என்னவோ. ஆனால் நான் கதை அங்கிள் ஆயிற்றே. "பாத்தேன் சார், கண்ணாடில நல்லாப் பாத்தேன். பச்சை வளையல் போட்ட கை சார். ரெண்டு தட்டுத் தட்டுச்சு. வளையல் சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு." போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். பச்சை வளையல் என்று எழுதினார். இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, கதை எடுபடும்போது வருகிற சந்தோஷம். "நான் அந்தப் பக்கம் இருந்தேன் சார். அந்தச் சின்னப் பையனக் கேளுங்க" என்றாள் ரத்னம்மா. நாலு வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? அப்புறம் அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த அறையில் அவள் கையை வேறு யாரும் பார்க்கவில்லை.

வண்டி ஓட்டியவன் நான் என்பதால் கேஸ் என் மேல்தான் பதிவானது. ஆனால் அந்த வளையல் வரி என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது, கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. அவளை மறுநாளே நிறுத்தினார்கள். அவள் மகள் அதே ஸ்கூலில் ஃபீஸ் இல்லாமல் அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் டி.சி. கொடுத்துவிட்டார்கள், அதோடு படிப்பு நின்றது. பாப்பாவின் சொந்தக்காரர்கள் லைன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். வேறு எந்த ஸ்கூலிலும் ரத்னம்மாவை வேலைக்குச் சேர்க்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு குந்தாரப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்கள். நான் கம்பெனி பஸ்ஸுக்கு மாறினேன். அங்கேயும் டீக்கடை இருந்தது, அங்கேயும் கதை சொன்னேன். இத்தனை வருடத்தில் என் கையால் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை, அந்த ஒன்று ஆயா செய்தது என்று. நீ அதைக் கேட்டே வளர்ந்தாய்.

அடுத்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. மறுநாள் காலை குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாய். நுரையோடு வாயை நிமிர்த்தி என்னைக் கேட்டாய். "அப்பா, நான் தட்டறதுக்கு முன்னாடியே ஆயா தட்டிட்டாங்களா?" உன் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. நான் உடனே சொன்னேன். "ஆமாண்டா. அவங்க முன்னாடியே தட்டிட்டாங்க. அந்தச் சத்தத்துலதான் நான் எடுத்தேன். நீ தட்டினது எனக்குக் காதிலயே விழல." நீ வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனாய். அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் ஆபீசில் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் கதைதான். ஆபீசில் நிற்கும்போது உன் நினைப்பே எனக்கு வரவில்லை. என் லைசென்ஸ்தான் கண் முன்னால் நின்றது.

உண்மை இது. அந்த இடத்தில் ஒரே ஒரு கைதான் தட்டியது, அது உன் கை. ஆனால் அந்தக் கையைத் தட்டப் பழக்கியவன் நான், முறை வைத்தவன் நான், மூன்று தடவை சொல்லியும் கேட்காதவன் நான். எட்டு வயதுப் பிள்ளை வண்டித் தகரத்தைத் தட்டுவது குற்றமில்லை. அதைக் கேட்டு ஐம்பது தாய் வயிற்றுப் பிள்ளைகளைச் சுமந்த வண்டியை எடுக்கிறவன்தான் குற்றவாளி. சொல்லாமலே சாகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ ரத்னம்மாவைக் காட்டி, ஆயா எதற்கு என்று கேட்டுவிட்டாய். இனி நான் பேசாமல் இருந்தால், அந்தப் பொய் திங்கட்கிழமை உன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நேற்று குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தேன். ரத்னம்மா அங்கே சந்தை நாளில் மாட்டுக் கயிறு விற்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். சாக்கு விரித்துக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே "என்ன கயிறுங்க, எருமைக்கா பசுவுக்கா?" என்றாள். நான் எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"கதை அண்ணனா?"

"நான்தான்மா."

"முடியெல்லாம் போயிடுச்சே. ஏண்ணா, யானை இப்ப எத்தனை? பத்து ஆயிடுச்சா?"

மண்ணில் உட்கார்ந்தேன். வளையலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாததா? அவள் பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், "இதச் சொல்லறதுக்கு இருபது வருஷம் கழிச்சு பாரூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்களா?" என்றாள்.

"பையன் திங்கட்கிழமையில இருந்து ஸ்கூல் பஸ் எடுக்கறான்மா."

அவள் கை நின்றது. "ஆயா இருக்குதா வண்டில?"

மகனே, நீ ஸ்கூல் பஸ் எடுக்கிறாய் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, என் லைசென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை, தன் மகள் படிப்பு போனதைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப இங்க என்னண்ணா பண்றீங்க? எந்திரிங்க. அவன்கிட்டப் போங்க."

"என்னை மன்னிச்சிடுவியாம்மா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. பின்னால் கன்றுக்குட்டியோடு ஒருவர் கயிறு வாங்க நின்றுகொண்டிருந்தார். "கயிறு வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா வழி விடுங்கண்ணா, ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். கயிற்றை இழுத்து முழம் போடும்போது அவள் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் வளையல் நிறைய இருந்தது. தூக்கி இறக்கத்தான் இப்போது அவளிடம் பிள்ளைகள் இல்லையே.

சரி, திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டியில் முன்னும் பின்னும் கேமரா இருக்கிறது, பின்னால் எடுத்தால் கீச்சென்று கத்தும், நாற்பதுக்கு மேல் போகாது என்றெல்லாம் சொன்னாய். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கேமரா கீழே இறங்கிப் பிள்ளையின் கையைப் பிடிக்காது. தீயணைக்கிற சிலிண்டரை ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் மைதானத்தில் ஒரு வண்டி முடிந்ததும் அடுத்த வண்டிக்குக் கை மாற்றுவார்கள், பார்த்திருப்பாய். நான் அந்த மைதானத்தில் அதில் ராஜா, ஒரே சிலிண்டரை நாலு வண்டிக்குக் காட்டியிருக்கிறேன். அதையும் டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன். தீ பிடிக்கும் நாளில் அந்தச் சிலிண்டர் எந்த வண்டியில் இருக்கும் என்று ஒருவனும் கேட்கவில்லை. சமையல்காரம்மாவுக்குப் புடவை கட்டி நிறுத்துவதும் அதே வேலைதான். எமர்ஜென்சி கதவை மறித்துப் புத்தகப்பை போட விடாதே. காதில் போனை மாட்டாதே. டிரிப் முடிந்ததும் கடைசி சீட்வரை நடந்து போய், தூங்கிக்கொண்டு எந்தப் பிள்ளையாவது தங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பூட்டு. எவன் தட்டினாலும், நீ கண்ணால் பார்க்காமல் கியரில் கை வைக்காதே.

கரெஸ்பாண்டன்ட் சாவியை நீட்டும்போது நீ கையை நீட்டாதே. ரத்னம்மா கேட்டதை அப்படியே கேள். "ஆயா இருக்குதா சார் வண்டில?" ரூட் சின்னது, பிள்ளைகள் கம்மி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். மாட்டேன் என்று சொல். மருமகள் ஏழாம் மாதம் என்பது எனக்கும் தெரியும், வேலை போனால் போகட்டும் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். அதனால் ஒரு வழியும் சொல்கிறேன். அந்த ரூட்டில் உள்ள அம்மாக்கள் நாலு பேரிடம் போய், வண்டியில் ஆயா இல்லை என்று ஒரு வார்த்தை போடு. நீ ஒரு மாதம் சண்டை போட்டு நடக்காதது அவர்கள் ஒரு நாள் கேட்டில் நின்றால் நடக்கும். ஆயா வரும்வரை நானே வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன், பார். முழங்கால் தேய்ந்தவன் பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. அதுவும் ஒரு கதையாகத்தான் முடியும்.

இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்காதே. வண்டி நிறுத்துகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் இருக்கும்போது சத்தமாகப் படி. அவர்களில் நாலு பேருக்காவது என்னைத் தெரியும், வளையல் கதையை என் வாயாலேயே கேட்டவர்கள். உன் கை வருகிற இடத்தை விட்டுவிட்டுப் படித்தாலும் சரி, அது உன் இஷ்டம். ரத்னம்மா வருகிற இடத்தில் ஒரு எழுத்தையும் விடாதே.

கடைசியாக ஒன்று. நேற்று சந்தையிலிருந்து திரும்பும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பாரூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன்னால் அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். முன் சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தேன். "என்ன பெருசு, எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார் கண்டக்டர். ஒரு முழுச் சுற்றுக்கு நாற்பத்திரண்டு காலடி வந்தது. என்னுடையது கிழட்டுக் கால், உனக்கு முப்பத்தைந்தில் முடியும். அன்று பண்ணை மதில் ஓரத்தில் நான் நடக்காமல் விட்டது அவ்வளவுதான். இந்தக் கணக்கில் ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

உன் அப்பா